தபால்காரருக்காக ஒரு சட்டக்கல்லூரி

1947 மார்ச் 10. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், கிழக்கு 13ஆம் தெரு, கதவு எண் 104. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வணிகக் கட்டடத்தின் அடித்தளம் அது. அங்கே இருந்த சில அறைகளை அரசு வாடகைக்கு எடுத்து, அன்று ஒரு சட்டக்கல்லூரியைத் திறந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் பாடம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தார்கள். சாட்சியச் சட்டத்தில் நாடறிந்த அறிஞரும் அப்பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல்வருமான சார்ல்ஸ் மெக்கார்மிக்தான் இதற்கும் முதல்வர். நூலகத்துக்காகப் பத்தாயிரம் புத்தகங்களுக்கு ஆணை போயிருந்தது.

மாணவர் ஒருவரும் வரவில்லை.

அரசு எதிர்பார்த்தது ஒரே ஒருவரைத்தான். ஹூஸ்டன் நகரத்தில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துவந்த ஹீமன் மேரியன் ஸ்வெட் என்ற தபால்காரர் அவர். அவருக்குத் தனியாகப் பதிவாளரின் அழைப்புக் கடிதமும் போயிருந்தது. அவர் வர மறுத்துவிட்டார். ஒரு மனிதரை ஒரு கல்லூரியின் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்க இன்னொரு கல்லூரியையே எழுப்பிய கதை இது. அப்படி எழுப்பப்பட்ட கல்லூரி பிறகு யாருடையதாக ஆயிற்று என்பது அந்தக் கதையின் அதிகம் பேசப்படாத பாதி.

ஸ்வெட் 1912இல் ஹூஸ்டனில் பிறந்தவர். கறுப்பின மாணவர்களுக்கான வைலி கல்லூரியில் 1934இல் பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்பித் தபால் துறையில் சேர்ந்தார். அங்கே ஒரு வேடிக்கையான சுவர் இருந்தது. மேற்பார்வைப் பதவிக்கு உயர வேண்டுமென்றால் எழுத்தராக வேலை பார்த்த அனுபவம் வேண்டும். எழுத்தர் வேலையோ கறுப்பினத்தவருக்குக் கிடையாது. தபால் ஊழியர் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளராக இருந்த ஸ்வெட், இதை எதிர்த்து வழக்கறிஞருடன் உட்கார்ந்து ஆவணங்களைத் தயாரித்தார். சட்டத்தின் மேல் அவருக்கு நாட்டம் பிறந்தது அந்த மேசையில்தான்.

அவருடைய பல் மருத்துவர் லானி ஸ்மித். கறுப்பினத்தவரை உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க விடாத டெக்சாஸின் வழக்கத்தை எதிர்த்து, 1944இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர் இவர். பல் காட்டப் போன இடத்திலும் அரசியல் பேச்சு இருந்திருக்கும் என்று நினைப்பது பிழையாகாது. ஹூஸ்டனில் அப்போது கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தை லூலு ஒயிட் என்ற பெண்மணி நடத்திவந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட ஒரு மனுதாரர் வேண்டும் என்று அவர் ஒரு தேவாலயக் கூட்டத்தில் கேட்டார். ஸ்வெட் முன்வந்தார்.

ஒரு மனுதாரரைத் தேடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மிசூரி மாநிலச் சட்டக்கல்லூரியில் இடம் கேட்டு வழக்காடிய லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞருக்குச் சாதகமாக 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநிலத்துக்குள்ளேயே அவருக்குச் சட்டக்கல்வி தர வேண்டும், வெளி மாநிலத்துக்கு உதவித்தொகை கொடுத்து அனுப்பிவிட முடியாது என்பது தீர்ப்பு. மூன்று மாதங்களில், 1939 மார்ச்சில், சிகாகோ நகரில் தங்கியிருந்த கெயின்ஸ் ஒரு மாலை வெளியே போனார். திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது.

அந்தத் தீர்ப்பு தென்மாநிலங்களுக்கு ஒரு வழியையும் திறந்துவைத்தது. 1896இல், ரயில் பெட்டி வழக்கு ஒன்றில், தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களைக் கண்ட தமிழ் வாசகருக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு குவளையிலும் தேநீர் ஒன்றுதானே என்று சொல்வதைப் போன்ற நியாயம் அது. வெள்ளையர் கல்லூரியின் கதவைத் திறப்பதா, பக்கத்தில் ஒன்றைக் கட்டிச் சமம் என்று சொல்வதா என்ற கேள்வி வந்தபோது மாநிலங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. மிசூரி 1939இல் செயின்ட் லூயிஸ் நகரில் லிங்கன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரியைத் திறந்தது. ஓக்லஹோமா 1948இல், ஏடா சிபுவெல் என்ற பெண் உச்ச நீதிமன்றத்தில் வென்றதும், நாள்கணக்கில் ஒரு சட்டக்கல்லூரியை உருவாக்கி மாநிலச் சட்டமன்றக் கட்டடத்து அறைகளில் வைத்தது. சிபுவெல் அங்கே கால் வைக்கவில்லை. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது.

டெக்சாஸில் நடந்ததும் இதே வகைதான். ஆனால் இங்கே ஒவ்வொரு படியும் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கல்லூரியின் பிறப்பை மற்றவற்றைவிட அருகில் போய்ப் பார்க்க முடிகிறது.

1946 பிப்ரவரி 26 அன்று ஸ்வெட், தேசியச் சங்கத் தலைவர்கள் சிலருடன், ஆஸ்டினில் பல்கலைக்கழகத் தலைவர் தியோஃபிலஸ் பெயின்ட்டரைச் சந்தித்தார். பெயின்ட்டர் மரபணுவியலில் பெயர் பெற்றவர். பழ ஈயின் குரோமோசோம்களை ஆராய்ந்த விஞ்ஞானி. அன்று தற்காலிகத் தலைவராக இருந்தார். ஸ்வெட் தன் மதிப்பெண் சான்றிதழை அவரிடம் கொடுத்தார். நிறத்தைத் தவிர வேறு எந்தத் தகுதிக் குறைவும் விண்ணப்பதாரருக்கு இல்லை என்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அரசுத் தலைமை வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டபின் விண்ணப்பம் தள்ளப்பட்டது.

மே 16இல் வழக்குப் பதிவாயிற்று. ஜூன் மாதம் மாவட்ட நீதிபதி ராய் ஆர்ச்சர், ஸ்வெட்டின் உரிமை மறுக்கப்பட்டிருப்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிடவில்லை. சமமான சட்டக்கல்வியை ஏற்பாடு செய்ய மாநிலத்துக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் ஒரு சட்டக்கல்லூரி! முதலில் ஹூஸ்டனில் சில அறைகளை வாடகைக்குப் பிடித்து, கறுப்பின வழக்கறிஞர்கள் இருவரை ஆசிரியர்களாக வைத்து, இதுவே கல்லூரி என்று சொல்லிப் பார்த்தார்கள். டிசம்பரில் நீதிபதி அதையும் ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டில் இது நிற்காது என்று அரசுக்கே தெரிந்திருக்க வேண்டும். 1947 மார்ச் 3 அன்று புதிய சட்டம் ஒன்று கையெழுத்தானது. நீக்ரோக்களுக்கான டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஹூஸ்டனில் முழுப் பல்கலைக்கழகம் ஒன்று எழும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 20 லட்சம் டாலர். அது தயாராகும்வரை ஆஸ்டினில் ஓர் இடைக்காலச் சட்டக்கல்லூரி நடக்கும். அதற்கு 1 லட்சம் டாலர். சட்டம் வந்த ஒரே வாரத்தில் திறக்கப்பட்டதுதான் அந்த அடித்தளக் கல்லூரி.

அந்தக் கல்லூரி உண்மையிலேயே சமம்தானா என்பதை விசாரிக்க, மே மாதம் ஆர்ச்சரின் நீதிமன்றத்திலேயே மறு விசாரணை நடந்தது. ஸ்வெட்டுக்காக வாதாட நியூயார்க்கிலிருந்து தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வந்தார். டெக்சாஸில் பல ஆண்டுகளாக இத்தகைய வழக்குகளை நடத்திவந்த வில்லியம் டர்ஹாம் அவருடன் நின்றார். எதிரே அரசுத் தலைமை வழக்கறிஞர் பிரைஸ் டேனியல். அரசின் வாதம் எண்களால் ஆனது. ஓர் ஆளுக்கு இவ்வளவு இடம், இவ்வளவு புத்தகம், அதே பாடத்திட்டம், அதே பேராசிரியர்கள். பக்கத்திலேயே மாநிலச் சட்ட நூலகம். பெரிய கல்லூரியில் நூற்றுக்கணக்கானவர்களோடு இடித்துக்கொண்டு உட்காரும் மாணவரைவிட இங்கே வருகிறவருக்கு ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைக்குமே!

மார்ஷல் இந்தக் கணக்கில் மட்டும் சிக்கிக்கொள்ளவில்லை. அவர் வேறுவிதமான சாட்சிகளைக் கொண்டுவந்தார். பென்சில்வேனியா சட்டக்கல்லூரியின் முதல்வர் ஏர்ல் ஹாரிசன், ஒரே மாணவரை வைத்துக்கொண்டு சட்டக்கல்லூரி என்று ஒன்று இருக்கவே முடியாது என்றார். சிகாகோவிலிருந்து ராபர்ட் ரெட்ஃபீல்ட் வந்தார். மானுடவியல் அறிஞரான அவர் சட்டமும் படித்தவர். கற்கும் திறனில் இனத்துக்கு இனம் பிறவி வேறுபாடு இல்லை என்றும், பிரித்துவைப்பது இரு தரப்பு மாணவர்களுக்கும் மற்றவரைப் பற்றிய அறிவை இல்லாமல் செய்கிறது என்றும் சாட்சி சொன்னார். ஸ்வெட்டும் கூண்டேறினார். பிரித்துவைத்துக்கொண்டே சமத்துவம் தர முடியும் என்று தான் நம்பவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

சட்டம் எப்படிக் கற்கப்படுகிறது என்பதை அறிந்த எவருக்கும் இந்தச் சாட்சியங்களின் எடை புரியும். அமெரிக்கச் சட்டக்கல்லூரியில் பேராசிரியர் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு மாணவர் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பார். அவர் சொல்லும் பதிலை இன்னொருவர் மறுப்பார். மூன்றாமவர் இருவரிடமும் ஓட்டை கண்டுபிடிப்பார். வகுப்புக்கு வெளியே மாதிரி நீதிமன்றத்தில் வாதம், மாணவர்களே பதிப்பிக்கும் சட்ட ஆய்விதழ், இரவு உணவின்போதும் தொடரும் தர்க்கம் என்று படிப்பு நீளும். அடித்தளத்து அறையில் ஒற்றை மேசையில் உட்காரும் ஒருவர் யாரிடம் வாதாடுவார்? நாளை அவர் நீதிமன்றத்தில் எதிர்கொள்ளப்போகும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, வேறொரு கட்டடத்தில், ஒருவரையொருவர் அறிந்துகொண்டிருந்தார்கள்.

மாவட்ட நீதிமன்றம் ஜூன் 17இல் ஸ்வெட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

இதற்கிடையே கறுப்பின மக்களுக்குள்ளேயே ஒரு கடுமையான விவாதம் நடந்தது. இந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஹூஸ்டன் இன்ஃபார்மர் பத்திரிகையின் உரிமையாளர் கார்ட்டர் வெஸ்லி, தானே வழக்கறிஞர். முந்தைய வாக்குரிமைப் போராட்டங்களுக்குத் தோள் கொடுத்தவர். வழக்கும் நடக்கட்டும், அரசு தரும் பல்கலைக்கழகத்தையும் வாங்கிக்கொள்வோம் என்பது அவருடைய நிலை. எல்லாக் கறுப்பின இளைஞர்களும் ஆஸ்டினுக்குப் போய்விடப் போவதில்லை, அவர்களுக்கும் படிக்க இடம் வேண்டுமே என்று அவர் எண்ணினார். மார்ஷலும் லூலு ஒயிட்டும் இதை ஏற்கவில்லை. தனிக் கல்லூரியை வரவேற்கும் ஒவ்வொரு கையும் நீதிமன்றத்தில் தங்கள் வாதத்தின் காலை வாரிவிடும் என்று அவர்கள் கருதினார்கள். வெஸ்லிக்கும் ஒயிட்டுக்கும் இடையே இது தனிப்பட்ட பகையாகவே முற்றியது. இரு தரப்பும் நேர்மையாகவே பேசினார்கள் என்பதுதான் இதில் துயரம். அன்றைய வழக்கின் கண்ணில் மார்ஷல் சரி. ஒரு தலைமுறையின் படிப்பு என்று பார்த்தால் வெஸ்லியைத் தள்ளிவிட முடியவில்லை.

1947 இலையுதிர் காலத்தில் அடித்தளக் கல்லூரிக்கு முதல் மாணவர்கள் வந்தார்கள். மூவர். அவர்களில் ஹென்றி டாயில் முதலில் பெயர் பதிந்தவர். முப்பத்தைந்து வயதைக் கடந்த மனிதர். இவர்களைக் கோழைகள் என்றோ, போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்றோ சொல்லிவிட முடியாது. தனக்கு வழங்கப்பட்ட கதவு குறுகலானது என்று தெரிந்தும், வழக்கறிஞராக வேண்டும் என்று நுழைந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டே ஹூஸ்டனில், முன்பிருந்த கறுப்பினக் கல்லூரி ஒன்றைத் தன்னுள் எடுத்துக்கொண்டு புதிய பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. 1948இல் சட்டக்கல்லூரியும் ஆஸ்டினின் அடித்தளத்தை விட்டு ஹூஸ்டனுக்குப் போயிற்று. 1949இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

வழக்கு 1950 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதத்துக்கு வந்தது. டெக்சாஸுக்கு ஆதரவாகத் தென்மாநிலங்கள் மனு கொடுத்தன. ஸ்வெட்டுக்கு ஆதரவாக மத்திய அரசின் நீதித்துறையே வந்தது. நாடெங்குமிருந்து நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட சட்ட ஆசிரியர்கள் சேர்ந்து தனியாக ஒரு மனு அளித்தார்கள். நீதிபதிகளில் ஒருவரான டாம் கிளார்க் டெக்சாஸ்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே சட்டம் படித்தவர். தன் சக நீதிபதிகளுக்கு அவர் சுற்றுக்கு விட்ட குறிப்பு ஸ்வெட்டின் பக்கம் நின்றது.

ஜூன் 5 அன்று ஒருமித்த தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சன் எழுதியது. அதில் இரு கல்லூரிகளையும் அவர் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆசிரியர்கள் 16 பேர், பகுதிநேர ஆசிரியர்கள் 3 பேர், மாணவர்கள் 850 பேர், நூலகத்தில் 65,000க்கும் மேற்பட்ட தொகுதிகள். ஹூஸ்டன் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் 5 பேர், மாணவர்கள் 23 பேர், நூலகத்தில் 16,500 தொகுதிகள், ஒரு பயிற்சி நீதிமன்றம், ஒரு சட்ட உதவி அமைப்பு, வழக்கறிஞராகப் பதிவு பெற்ற பழைய மாணவர் ஒருவர்.

எண்களாலேயே வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் வின்சன் அங்கே நிற்கவில்லை. அளந்து பார்க்க முடியாத சில குணங்கள்தான் ஒரு சட்டக்கல்லூரியைச் சிறந்ததாக்குகின்றன என்றார். ஆசிரியர்களின் புகழ், நிர்வாகத்தின் அனுபவம், பழைய மாணவர்களின் செல்வாக்கு, சமூகத்தில் உள்ள மதிப்பு, மரபு ஆகியவற்றைக் குறிப்பிட்டார். மாநில மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினரை விலக்கிவைத்த ஒரு வகுப்பறையில் கற்பது சட்டத்தொழிலுக்கு ஆகாது என்றார். நாளைய வழக்கறிஞர்கள், சாட்சிகள், ஜூரிகள், நீதிபதிகளில் பெரும்பாலோர் அந்த 85 விழுக்காட்டிலிருந்துதான் வரப்போகிறார்கள். ஸ்வெட்டை டெக்சாஸ் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீதிமன்றம் தொடாமல் விட்டது. ஆனால் அளக்க முடியாதவற்றைக் கணக்கில் சேர்த்தபின், தனியான எந்தப் பள்ளியும் சமம் ஆவது எப்படி? நான்கு ஆண்டுகளில், பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரௌன் வழக்கில், மார்ஷல் இதே இழையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார்.

ஸ்வெட் 1950 செப்டம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது வயது 37. நான்கு ஆண்டு வழக்கு அவருடைய உடம்பைத் தின்றிருந்தது. வயிற்றுப்புண், அறுவை சிகிச்சை, மிரட்டல் கடிதங்கள். கல்லூரி தொடங்கிய நாள்களிலேயே சட்டத்துறைக்கு அருகே சிலுவை ஒன்று எரிக்கப்பட்டது. அவருடைய காரின் டயர்கள் கிழிக்கப்பட்டன. மணவாழ்க்கையும் முறிந்தது. 1952இல் படிப்பை முடிக்காமலே அவர் வெளியேறினார். பின்னர் அட்லாண்டாவில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, கறுப்பின மக்களுக்கான அமைப்புகளில் பல ஆண்டுகள் உழைத்தார். 1982இல் மறைந்தார். அவர் வழக்கறிஞராக ஆகவேயில்லை.

அவருக்காகக் கட்டப்பட்ட, அவர் காலே வைக்காத கல்லூரியோ நிலைத்துவிட்டது. இதுவும் தானாக நடக்கவில்லை. அதே நோக்கத்தோடு பிறந்த உடன்பிறப்புகளில் பல நிலைக்கவில்லை. லிங்கன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரி 1955இல் மூடப்பட்டது. தென் கரோலினாவில் 1947இல் தொடங்கிய கறுப்பினச் சட்டக்கல்லூரி 1966வரை இருந்தது. பிற்காலத்தில் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதியான எர்னஸ்ட் ஃபின்னியும், மத்திய நீதிமன்ற நீதிபதியான மாத்யூ பெரியும் அங்கே படித்தவர்கள். ஃபுளோரிடாவில் 1951இல் திறந்த கல்லூரியின் கடைசி வகுப்பு 1968இல் வெளியேறியது. அந்தக் கல்லூரி இருந்த தல்லாஹசி நகரத்தின் மறுபுறத்தில், வெள்ளையர் பல்கலைக்கழகமாக இருந்த இடத்தில், புதிய சட்டக்கல்லூரி ஒன்றுக்கு அரசு பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மூடிய கல்லூரியை மீண்டும் திறக்க 2002 ஆயிற்று. பிரித்துவைக்க வேண்டியிருந்தவரை இந்தக் கல்லூரிகளுக்குப் பணம் இருந்தது. பிரிக்க முடியாது என்று ஆனதும் அவை வீண் செலவாகத் தெரிந்தன. அவற்றில் படித்தவர்களுக்கு என்ன தேவை என்ற கேள்வி இரண்டு சமயத்திலும் கேட்கப்படவில்லை.

ஹூஸ்டன் கல்லூரி பிழைத்ததற்கு, அந்த நகரத்தில் இருந்த பெரிய கறுப்பின மக்கள்தொகையும், சுற்றி எழுந்த முழுப் பல்கலைக்கழகமும் முக்கியக் காரணங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்த இனச் சொல் 1951இல் நீங்கியது. டெக்சாஸ் தெற்குப் பல்கலைக்கழகம் என்று ஆயிற்று. பகலில் வேலை பார்த்துக்கொண்டு படித்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் என்று வந்தவர்கள் அங்கிருந்து டெக்சாஸ் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். அடித்தளத்து முதல் மாணவர் ஹென்றி டாயில் 1978இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியானார். டெக்சாஸில் அந்தப் படியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

1959 ஆகஸ்டில் அக்கல்லூரியின் மாணவர் எல்ட்ரூயி ஸ்டேர்ன்ஸை ஹூஸ்டன் காவலர்கள் சாலையில் நிறுத்திக் கைதுசெய்து அடித்தார்கள். அவர் நகர்மன்றத்தின் முன் போய் நின்று தன் புகாரைச் சொன்னார். 1960 மார்ச் 4 அன்று அவர் தலைமையில் சில மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அல்மேடா சாலைக்கு நடந்தார்கள். அங்கிருந்த வைன்கார்ட்டன் கடையில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறும் மேசையின் முன் உட்கார்ந்தார்கள். ஹூஸ்டனில் நடந்த முதல் உள்ளிருப்புப் போராட்டம் அது. அந்தக் கோடை முடிவதற்குள் நகரத்தின் பல கடைகளில் அந்த மேசைகள் அனைவருக்கும் திறந்தன.

1976இல் கல்லூரிக்குப் புதிய பெயர் வைத்தார்கள். இந்தக் கல்லூரியை ஏற்கக் கூடாது என்று ஆஸ்டின் நீதிமன்றத்தில் வாதாடிய அதே மனிதரின் பெயர். தர்குட் மார்ஷல் அப்போது உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதாவது ஆண்டாக நீதிபதியாக இருந்தார்.